மௌனத்துக்கு நாடு உண்டா?
கொரிய, அமெரிக்கப் பேச்சு முறைகள் பற்றிய விளக்கங்களும் தமிழ்நாடு தரும் சான்றும்

கொரியர் எதையும் சுற்றி வளைத்துச் சொல்வார், மேலதிகாரி முன்னால் வாய் திறக்க மாட்டார். அமெரிக்கர் மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார், முதலாளியையும் பெயர் சொல்லி அழைப்பார். இப்படியொரு இரட்டைச் சித்திரம் பல பத்தாண்டுகளாக உலவி வருகிறது. கிழக்காசியர் அனைவருக்கும் பொதுவாக மானிடவியலாளர்கள் இதைத் தொடங்கிவைத்தார்கள். உளவியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். மேலாண்மைப் பள்ளிகள் அட்டவணை போட்டுக் கொடுத்தன. விமான விபத்துகளுக்குக் காரணம் சொல்லும் அளவுக்கு இது வளர்ந்தது. ஒரு மக்கள் பேசும் விதத்தையும் பேசாமல் இருக்கும் விதத்தையும் அவர்களுடைய பண்பாடு தீர்மானிக்கிறதா என்பதே இந்தச் சித்திரத்துக்குள் இருக்கும் கேள்வி.

தமிழ் வாசகருக்கு இது தொலைதூர விவாதமல்ல. 1990களின் நடுவில் அடுத்தடுத்து அமெரிக்காவின் ஃபோர்டு மறைமலை நகருக்கும் கொரியாவின் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கும் வந்தன. ஒரே வட மாவட்ட இளைஞர்கள் இரு வகை மேலாளர்களின் கீழும் வேலை செய்தார்கள். திருவண்ணாமலை மாவட்டத்துக்கு இதில் இன்னும் நெருக்கமான பங்கு உண்டு. செய்யாறு சிப்காட் வளாகத்தில் கிழக்காசிய நிர்வாகமும் அமெரிக்க வணிகப் பெயரும் தமிழ்ப் பெண் தொழிலாளரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். மலையடிவாரத்திலோ, ரமணாசிரமத்திலிருந்து அடி அண்ணாமலை வரை கிரிவலப் பாதையை ஒட்டி, கீழைநாட்டு மௌனத்தைத் தேடி வந்த மேல்நாட்டார் பல பத்தாண்டுகளாகத் தங்கி வாழ்கிறார்கள்.

இக்கேள்விக்குச் சொல்லப்பட்ட முக்கியமான விடைகளையும் அவை தோன்றிய சூழலையும் அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை வரிசைப்படுத்திப் பார்க்கிறது. பண்பாடு பேச்சின் பாணியைப் பெருமளவு விளக்குகிறது என்பதும், யார் பேச முடியும், யார் வாய் மூடியிருக்க வேண்டும் என்பதை விளக்க அதைவிட வேலையிடத்தின் ஏற்பாடுகளே கூடுதலாக உதவுகின்றன என்பதும் இதன் வாதம். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காததே விவாதத்தின் பாதிக் குழப்பத்துக்குக் காரணமாகத் தோன்றுகிறது.

போரும் வணிகமும் வரைந்த வரைபடம்

தேசங்களின் குணத்தை ஒப்பிடும் நவீன முயற்சி போர்க்காலத் தேவையிலிருந்து பிறந்தது. ரூத் பெனடிக்ட் 1946இல் வெளியிட்ட ‘செவ்வந்தியும் வாளும்’ அமெரிக்க அரசுக்காகத் தொடங்கிய ஆய்வின் விளைவு. ஜப்பானுக்குப் போகாமலே, அமெரிக்காவில் இருந்த ஜப்பானியரிடமும் நூல்களிலும் திரைப்படங்களிலும் செய்தி திரட்டி, ஜப்பானை நாணத்தின் பண்பாடு என்றும் மேலைநாட்டைக் குற்றவுணர்வின் பண்பாடு என்றும் அவர் பிரித்தார். அடுத்து வந்த எட்வர்ட் ஹால், அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனத்தில் தூதரக அலுவலர்களுக்கு வகுப்பெடுத்தவர். 1959இல் ‘மௌன மொழி’ என்ற நூலையும் 1976இல் ‘பண்பாட்டுக்கு அப்பால்’ என்ற நூலையும் எழுதினார். சில சமூகங்களில் செய்தியின் பெரும்பகுதி சொல்லுக்கு வெளியே, சூழலில் இருக்கும். வேறு சில சமூகங்களில் எல்லாவற்றையும் சொல்லிலேயே ஏற்றியாக வேண்டும் என்பது அவர் தந்த பாகுபாடு. கிழக்காசியர் முதல் வகைக்கும் அமெரிக்கர் இரண்டாம் வகைக்கும் உதாரணமானார்கள். கூர்மையான அவதானிப்புகள் இவற்றில் ஏராளம். ஆனால் ஒரு சமூகத்தை எந்த அளவுகோலால் எந்த வகையில் சேர்ப்பது என்பதற்கு ஹாலிடம் தெளிவான முறை இல்லை. வகைப்பாடு முந்திக்கொண்டது, அளவீடு பின்னால் வந்தது.

அந்த அளவீட்டைத் தந்தவர் நெதர்லாந்தின் ஹெயர்ட் ஹோஃப்ஸ்டெட். 1967க்கும் 1973க்கும் இடையே ஐபிஎம் நிறுவன ஊழியர்களிடம் பல நாடுகளில் எடுக்கப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களைக் கொண்டு 1980இல் அவர் வெளியிட்ட நூல், நாடுகளுக்கு மதிப்பெண் போட்டது. பின்னர் விரிவாக்கப்பட்ட அந்தப் பட்டியலில், அதிகார இடைவெளியை ஏற்றுக்கொள்வதில் அமெரிக்காவுக்கு 40, தென் கொரியாவுக்கு 60. தனிமனிதச் சார்பில் அமெரிக்காவுக்கு 91, கொரியாவுக்கு 18. நிச்சயமின்மையைத் தவிர்க்கும் போக்கில் அமெரிக்காவுக்கு 46, கொரியாவுக்கு 85. இந்த எண்கள் இன்றும் மேலாளர் பயிற்சி வகுப்புகளில் பாடமாகின்றன.

ஹோஃப்ஸ்டெட்டுக்கு எதிரான முதன்மை மறுப்பை பிரெண்டன் மெக்ஸ்வீனி 2002இல் எழுதினார். ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை ஒரு தேசத்தின் பிரதிநிதிகளாக எப்படிக் கொள்வது, சில நாடுகளில் மிகக் குறைந்த எண்ணிக்கையினரே பதிலளித்திருக்கும்போது அந்தச் சராசரியை எப்படி நம்புவது என்று அவர் கேட்டார். பாகிஸ்தானில் முதற்சுற்றில் பதில் தந்தவர்கள் 37 பேர் மட்டுமே. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் இன்னொரு சிக்கல் தெரிகிறது. அதே அட்டவணையில் அதிகார இடைவெளியில் இந்தியாவின் மதிப்பெண் 77, அதாவது கொரியாவைவிடக் கூடுதல். அது உண்மை என்றால் கொரிய மேலாளரின் அதிகாரத் தோரணை இந்தியத் தொழிலாளிக்குப் பழகிய ஒன்றாக, இன்னும் சொன்னால் மென்மையானதாகக்கூடத் தெரிந்திருக்க வேண்டும். கொரிய ஆலைகள் உள்ள திருப்பெரும்புதூர் வட்டாரத்தின் தொழில் உறவு வரலாறு அப்படிச் சொல்லவில்லை. படிநிலை என்ற ஒரே பெயருக்குள் வயதின் மூப்பு, பதவியின் மூப்பு, சாதியின் மூப்பு, படிப்பின் மூப்பு என வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்றுக்குப் பணிந்து பழகியவர் மற்றொன்றுக்கும் பணிவார் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஓர் எண் இந்த வேறுபாட்டைக் காட்டாது.

ஆய்வுக்கூடம் கண்டதும் காணாததும்

1991இல் ஹேசல் மார்க்கஸும் ஷினோபு கிட்டயாமாவும் விவாதத்தை நாட்டிலிருந்து மனத்துக்குள் நகர்த்தினார்கள். அமெரிக்கர் தம்மைப் பிறரிடமிருந்து தனித்து நிற்பவராக உணர்கிறார், கிழக்காசியர் உறவுகளின் நடுவே இருப்பவராக உணர்கிறார் என்பது அவர்கள் கருத்து. கொரியாவில் பிறந்த உளவியலாளர் ஹீஜுங் கிம் இதைச் சோதனைகளாக மாற்றினார். 1999இல் மார்க்கஸோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில், சில பேனாக்களை நீட்டி ஒன்றை எடுக்கச் சொன்னபோது, அமெரிக்கர்கள் எண்ணிக்கையில் குறைவான நிறத்தையும் கிழக்காசியர்கள் கூடுதலாக இருந்த நிறத்தையும் எடுக்க முனைந்தார்கள். 2002இல் வெளியான அவருடைய இன்னொரு ஆய்வு, நம் கேள்விக்கு மேலும் நெருக்கமானது. மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே புதிர்களைத் தீர்க்கச் சொன்னபோது, கிழக்காசிய மரபைச் சேர்ந்த அமெரிக்க மாணவர்களின் திறன் குறைந்தது. ஐரோப்பிய மரபினருக்கு அப்படி நேரவில்லை. வகுப்பில் பேசாமல் இருப்பவர் சிந்திக்காமல் இருக்கிறார் என்ற அமெரிக்க ஆசிரியர்களின் எண்ணத்துக்கு இது நல்ல பதில்.

இந்த முடிவுகளை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதில்தான் தகராறு. டோஷியோ யமகிஷியின் குழு 2008இல் பேனாச் சோதனையைச் சற்றே மாற்றிச் செய்தது. முதலில் எடுப்பவரா கடைசியில் எடுப்பவரா என்று நிலைமையைத் தெளிவாக்கியதும் ஜப்பானியருக்கும் அமெரிக்கருக்கும் இருந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துபோனது. உள்ளார்ந்த விருப்பம் என்று நினைத்தது, பிறர் என்ன நினைப்பார்களோ என்று தெரியாதபோது கடைப்பிடிக்கும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. டாஃப்னா ஓய்சர்மனும் அவருடைய சகாக்கள் இருவரும் 2002இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இன்னும் பெரிய வியப்பு காத்திருந்தது. ஐரோப்பிய மரபு அமெரிக்கர்கள், கூட்டுச் சார்பில் ஜப்பானியரையோ கொரியரையோவிடக் குறைந்தவர்கள் என்று அந்தத் தொகுப்பு காட்டவில்லை. கொரியா என்றாலே கூட்டுச் சார்பு என்ற பாடநூல் வாக்கியம் அங்கேயே ஆட்டம் காண்கிறது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நடந்த ஓர் ஆய்வு பாணியின் உண்மையை நன்றாகக் காட்டுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் கொரியக் குடியேறிகள் நடத்திய கடைகளில் கறுப்பின வாடிக்கையாளர்களோடு நடந்த உரையாடல்களை பெஞ்சமின் பெய்லி பதிவுசெய்து 1997இல் எழுதினார். கடைக்காரர் அளவாகப் பேசி, முகத்தில் உணர்ச்சி காட்டாமல் வியாபாரத்தை முடித்தார். அவருக்கு அதுவே மரியாதை. வாடிக்கையாளர் நகைச்சுவையும் சொந்தக் கதையும் கலந்து பேசினார். அவருக்கு அதுவே மரியாதை. இருவரும் மதிப்பைக் காட்ட முயன்றார்கள், இருவரும் அவமதிக்கப்பட்டதாக உணர்ந்தார்கள். ஆனாலும் 1992 கலவரத்தில் கொரியர் கடைகள் எரிந்ததற்கு இதுவே காரணம் என்று பெய்லி சொல்லவில்லை. வறுமையும் கடன் கிடைக்காமையும் இனப் பாகுபாடும் ஏற்கெனவே உண்டாக்கிய பகையை ஒவ்வொரு நாளும் கடைமுகப்பில் நடந்த இந்தச் சிறு பிசகுகள் புதுப்பித்துக்கொண்டிருந்தன என்பதுதான் அவருடைய பிந்தைய எழுத்துகளிலிருந்து கிடைக்கும் நிதானமான சித்திரம்.

விமானி அறை என்ற சோதனைக்களம்

பண்பாட்டு விளக்கத்தை உலகறியச் செய்த வழக்கு கொரியன் ஏர் 801. 1997 ஆகஸ்டில் குவாம் தீவில் இறங்க முயன்ற அந்த விமானம் குன்றில் மோதி, அதிலிருந்த 254 பேரில் 228 பேர் இறந்தார்கள். துணை விமானி தலைமை விமானியின் தவற்றைத் துணிந்து சுட்டிக்காட்டவில்லை. கொரியப் படிநிலை மரியாதையே அதற்குக் காரணம் என்ற விளக்கத்தை மால்கம் கிளாட்வெல் 2008இல் வெளியான தன் நூலில் பரவலாக்கினார். விளக்கத்தில் உண்மை இல்லாமலில்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமே, உடனிருந்த இருவரும் தலைமை விமானியின் செயலைச் சரிவரக் கண்காணிக்கவும் குறுக்குச் சோதனை செய்யவும் தவறினார்கள் என்று பதிவுசெய்தது. ஆனால் தலைமை விமானியின் களைப்பு, நிறுவனத்தின் போதாத பயிற்சி ஆகியவற்றையும், விமானம் தாழப் பறந்தால் எச்சரிக்க வேண்டிய தரைக் கருவியை அமெரிக்க விமானத் துறை முடக்கி வைத்திருந்ததையும் அதே அறிக்கை காரணங்களில் சேர்த்தது.

மேலும், கீழிருப்பவர் வாய்மூடி இருந்ததால் நேர்ந்த விபத்துகளின் பட்டியலில் கொரியா முதலில் வரவில்லை. 1977இல் டெனெரிஃபில் 583 பேரைப் பலிகொண்ட விபத்தில் ஓடுபாதை காலியாகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் எழுப்பிய ஐயத்தைத் தலைமை விமானி தள்ளிவிட்டார். அவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். ஹோஃப்ஸ்டெட் பட்டியலில் அந்நாட்டின் அதிகார இடைவெளி 38, அமெரிக்காவைவிடவும் குறைவு. 1978இல் போர்ட்லாந்தில் எரிபொருள் தீர்ந்து விழுந்த யுனைடெட் 173இல் எரிபொருள் குறைவதைச் சொன்ன அமெரிக்கப் பொறியாளரின் குரல் போதிய அழுத்தத்தோடு ஒலிக்கவில்லை. கீழிருப்பவர் பேசவும் மேலிருப்பவர் கேட்கவும் விமானிகளைப் பழக்கும் பயிற்சி முறை அமெரிக்க விபத்துகளின் பின்னணியிலேயே உருவானது. இயல்பாகவே நேராகப் பேசுகிறவர்களாக இருந்திருந்தால் அவர்களுக்கு அந்தப் பயிற்சி தேவைப்பட்டிருக்காது. கொரியன் ஏரில் 2000க்குப் பிறகு வெளிநாட்டு வல்லுநர்களின் உதவியோடு பயிற்சியும் பதவி உயர்வு முறையும் சீர்திருத்தப்பட்டன. 1999 டிசம்பருக்குப் பிறகு அந்நிறுவனத்தில் உயிரிழப்பு விபத்து நேரவில்லை. கொரியப் பண்பாடு ஓராண்டில் மாறிவிடவில்லை. மாறியது விமானி அறையின் ஒழுங்கு.

கன்ஃபூசியஸா, படைமுகாமா?

கொரியரின் பணிவுக்குக் கன்ஃபூசிய மரபைக் காரணம் காட்டுவது மூன்றாவது விடை. கொரியாவை ஆண்ட சோசன் அரசின் ஐந்து நூற்றாண்டுகளில் வேரூன்றிய மூத்தோர் மரியாதையும் தேர்வுமுறைக் கல்வியும் இன்றைய அலுவலகம் வரை நீள்கின்றன என்பது அதன் சாரம். 1994இல் சிங்கப்பூரின் லீ குவான் யூ, கிழக்காசியச் சமூகம் மேலைநாட்டு ஜனநாயகத்துக்கு ஒத்துவராத தனி மதிப்புகள் கொண்டது என்று பேசியபோது, அதே ஆண்டில் கொரியாவிலிருந்தே மறுப்பு வந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான கிம் டே ஜுங், கொடுங்கோலனை மக்கள் அகற்றலாம் என்ற கருத்து கன்ஃபூசிய மரபின் மென்சியஸிடமே இருக்கிறது என்றும் பண்பாடு தலைவிதி அல்ல என்றும் வாதிட்டார். ஒரே மரபிலிருந்து பணிவுக்கும் கிளர்ச்சிக்கும் ஆதாரம் எடுக்க முடிகிறது என்றால், அந்த மரபு தனியாக எதையும் விளக்கிவிடாது.

இதற்கு மாற்றாக, அண்மை வரலாற்றைச் சுட்டுகிறார்கள் அரசியல் பொருளாதார நோக்குடையவர்கள். பார்க் சுங் ஹீயின் ஆட்சியில் (1961–79) தொழிற்சாலையும் படைமுகாமும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. கட்டாய ராணுவப் பணி முடித்த ஆண்களே நிறுவனங்களின் நடுநிலைப் பதவிகளை நிரப்பினார்கள். சுங்சூக் மூன் 2005இல் எழுதிய ஆய்வு இந்த ராணுவமய நவீனத்தை விரிவாகக் காட்டுகிறது. இப்படிப் பார்த்தால் கொரிய மேலாளரின் உரத்த கட்டளை ஐந்து நூற்றாண்டு மரபாக இல்லாமல் அறுபது ஆண்டுப் பழக்கமாக இருக்கலாம். அந்தப் பழக்கத்துக்கு எதிர்ப்பும் அங்கேயே உண்டு. 1987 கோடையில் உல்சான் நகரின் ஹூண்டாய் தொழிலாளர்கள் முன்னின்ற மாபெரும் வேலைநிறுத்த அலை நாடெங்கும் பரவியது. 2019இல் வேலையிடக் கொடுமைக்கு எதிராகச் சட்டம் வந்தது. பணிவான கொரியர் என்ற சித்திரம் இந்த நிகழ்வுகளைக் கணக்கில் எடுப்பதில்லை.

தமிழகத்தில் ஒரு தனி விடை: உறவுக் கதை

தமிழ்நாட்டில் மட்டும் வலுவாக வழங்கும் இன்னொரு விடை உண்டு. கொரியரும் தமிழரும் பழைய உறவினர். அம்மா, அப்பா என்ற அழைப்பிலிருந்து வாக்கிய அமைப்பு வரை ஒற்றுமை தெரிகிறது. ஆகவே அமெரிக்கரைவிடக் கொரியரோடு நமக்கு எளிதில் ஒத்துப்போகும் என்பது அது. இக்கருத்தைக் கல்வி நோக்கில் விரிவாக முன்வைத்தவர்களில் ஒருவர் அமெரிக்கர் என்பது சுவையான செய்தி. கொரியாவில் பணியாற்றிய ஹோமர் ஹல்பெர்ட் 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கணம் வெளியிட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கொரிய நூலான ‘சம்குக் யூசா’ சொல்லும் ஆயுத்த நாட்டு இளவரசியின் கதையையும் சிலர் தமிழகத்தோடு இணைக்கிறார்கள். அயோத்தியோடு இணைப்பவர்களும் உண்டு. இன்றைய மொழியியல் இந்த மொழியுறவை ஏற்கவில்லை. குழந்தை உதட்டில் எளிதில் வரும் அம்மா, அப்பா போன்ற ஒலிகள் தொடர்பற்ற பல மொழிகளில் இருப்பதை ரோமன் யாகப்சன் அரை நூற்றாண்டுக்கு முன்பே விளக்கிவிட்டார். இருந்தாலும் இந்தக் கதை நல்லெண்ணத்தை வளர்க்கிறது. 2006இல் சென்னையில் தொடங்கிய இந்திய, கொரியப் பண்பாட்டு மையமான இன்கோவும் அண்மைக்காலக் கொரியத் தொடர்களின் மோகமும் அதற்குத் துணைநிற்கின்றன. நல்லெண்ணம் ஆலைத் தளத்தில் என்ன செய்கிறது என்பது தனிக் கேள்வி.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து செய்யாறு வரை

பண்பாட்டு நெருக்கமே முடிவுசெய்யும் என்றால் தமிழகத்தில் அமெரிக்க ஆலைகளில் மோதலும் கொரிய ஆலைகளில் இணக்கமும் இருந்திருக்க வேண்டும். பண்பாட்டுப் பாணியே முடிவுசெய்யும் என்றால் நேராகப் பேசும் அமெரிக்க நிர்வாகம் தொழிலாளரோடு வெளிப்படையாக இருந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. ஹூண்டாயில் 2007இல் தோன்றிய தொழிற்சங்கம் அங்கீகாரத்துக்காகவும் நீக்கப்பட்டவர்களுக்காகவும் 2009லும் 2010லும் வேலைநிறுத்தம் செய்தது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலை நகர்த் தொழிலாளரோடு உட்கார்ந்து பேசி எடுத்த முடிவல்ல அது. அடுத்த ஆண்டு இழப்பீட்டுக்காக அவர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. பெயர் சொல்லி அழைக்கும் சமத்துவ வழக்கம், மிகப் பெரிய செய்தியைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கமாக நீளவில்லை.

இன்னும் தெளிவான சான்றை சாம்சங் தருகிறது. 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள், சுங்குவார்சத்திரத்தை அடுத்த அதன் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சங்கப் பதிவும் ஊதிய உயர்வும் கோரி வெளியே அமர்ந்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. இதைக் கொரிய நிர்வாகத்துக்கும் தமிழ்த் தொழிலாளருக்கும் இடையேயான பண்பாட்டு உரசல் என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் 2024 ஜூலையில் கொரியாவிலேயே சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் ஊழியர்கள், நிறுவன வரலாற்றிலேயே முதன்முறையாக, வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். சங்கமில்லா நிர்வாகம் என்ற நீண்டகாலக் கொள்கையைக் கைவிடுவதாக அதன் அப்போதைய துணைத்தலைவர் லீ ஜே யோங் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2020இல்தான். கொரியரும் தமிழரும் ஒரே நிர்வாகத்திடம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஒரே மாதிரியான கோரிக்கையை வைத்தார்கள் என்றால், கோடு தேசங்களுக்கு இடையே ஓடவில்லை.

செய்யாறு சிப்காட் வளாகம் படத்தை இன்னும் சிக்கலாக்குகிறது. அங்கே தைவானின் ஃபெங் டே குழுமம் அமெரிக்காவின் நைக்கிக்காகக் காலணி தயாரிக்கிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமப் பெண்கள். இதே காலணித் தொழில் ஒருகாலத்தில் கொரியாவின் பூசான் நகரப் பெண்களின் கைகளில் இருந்தது. கூலி உயர்ந்ததும் இடம்பெயர்ந்தது. தயாரிப்பு வரிசையில் நிற்கும் பெண் மேற்பார்வையாளரிடம் பேசத் தயங்கினால் அதற்குக் கீழைப் பண்பாடு காரணமா, கிராமத்தின் ஆண், பெண் ஒழுங்கு காரணமா, சாதி காரணமா, மாத முடிவில் வரும் சம்பளம் காரணமா? அவருக்கு நேர் மேலே நிற்பவர் பெரும்பாலும் இன்னொரு தமிழர்தான். நாடுகளை மட்டும் ஒப்பிடும் ஆய்வு, இந்தக் கேள்வியில் முதல் காரணத்தைத் தவிர மற்ற எதையும் காண முடியாது. 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் இந்திய நகரங்களின் ஐபிஎம் அலுவலர்கள் நிரப்பிய வினாத்தாளில் இந்தப் பெண்ணுக்கு இடமே இல்லை.

மலையடிவாரத்து மௌனம்

கிழக்கு என்றால் மௌனம், மேற்கு என்றால் பேச்சு என்ற எண்ணம் பரவியதில் திருவண்ணாமலைக்கும் பங்கு உண்டு. ஆங்கிலேயரான பால் பிரண்டன் 1934இல் வெளியிட்ட இந்தியப் பயண நூலில் பேசாமல் போதிக்கும் ரமணரின் உருவத்தை மேல்நாட்டு வாசகர் முன் வைத்தார். 1938இல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் வந்துபோனார். அதன் பின் வந்தவர்களில் அமெரிக்கரும் கணிசமானோர். சாலையோரக் கிராமங்கள் விடுதிகளாகவும் வாடகை வீடுகளாகவும் மாறியதில் அந்தத் தேடலின் பொருளாதாரமும் கலந்திருக்கிறது.

ஆசிரமப் பதிவுகளை எடுத்துப் பார்த்தால் சித்திரம் வேறு. முனகல வெங்கடராமய்யா 1935 முதல் 1939 வரை குறித்துவைத்த உரையாடல்கள் ஒரு பெரிய தொகுதி. அதில் மேல்நாட்டாரைப் போலவே உள்நாட்டாரும் விடாமல் கேள்வி கேட்கிறார்கள். ரமணர் பதில் சொல்கிறார், மறுக்கிறார், சிரிக்கவைக்கிறார். அதற்கு முன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவர் பேசாதிருந்த காலத்தில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு எழுதிக் காட்டிய விடைகளே ‘நான் யார்?’ என்ற நூலுக்கு அடிப்படை. மௌனம் அங்கே ஓர் ஆன்மிக முறையாக, தெரிந்து மேற்கொள்ளப்பட்ட ஒன்றாக இருந்தது. தமிழரின் பொதுக்குணம் என்று அதை வாசித்தது வந்தவர்களின் கண். அதே அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகருக்குக் கோயில் இருப்பதும், அவர் திருவெம்பாவையை இங்கே பாடினார் என்ற மரபும், தோழியர் ஒருவரையொருவர் உரக்க அழைத்து எழுப்பும் பாடல் வடிவம் இம்மண்ணோடு இணைக்கப்பட்டிருப்பதும் அந்த வாசிப்பில் சேரவில்லை.

எதிர்வாதங்கள்

இந்த வாதத்துக்கு எதிராக வலுவான மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, கொரிய மொழியின் வினைமுற்றிலேயே கேட்பவரின் தகுதி பதிந்துவிடுகிறதே, அப்படிப்பட்ட மொழியில் மேலதிகாரியை மறுத்துப் பேசுவது கடினமல்லவா என்பது. கடினம் கூடுதலாக இருக்கலாம். விமானி அறையில் ஆங்கிலத்தை வலியுறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் 1987இன் முழக்கங்கள் கொரிய மொழியில்தான் எழுந்தன. தமிழும் மரியாதை விகுதிகள் நிறைந்த மொழியே; ‘நீங்கள்’ என்று விளித்தபடியே மேலதிகாரியைக் கடுமையாக மறுத்துப் பேசுவது தமிழில் இயல்பாக நடக்கிறது. மரியாதை வடிவம் மறுப்பின் உருவத்தை மாற்றுகிறது, மறுப்பைத் தடுத்துவிடுவதில்லை.

இரண்டாவது, அதிகாரமும் அமைப்புமே எல்லாவற்றையும் விளக்கும் என்றால் சம நிலையில் இருக்கும் மாணவர்களிடம் கிம் கண்ட வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பது. இந்த மறுப்பை ஏற்கத்தான் வேண்டும். எவ்வளவு பேசுவது கண்ணியம், எந்த இடத்தில் மௌனம் சம்மதம், எந்த இடத்தில் அது மறுப்பு என்பவை வளர்ப்பில் வருபவை. லாஸ் ஏஞ்சலஸ் கடைமுகப்பும் அதையே சொல்கிறது. இவற்றை அறியாத மேலாளர் தவறாகப் புரிந்துகொள்வார், தவறாகப் புரிந்துகொள்ளப்படுவார். பண்பாட்டுப் பயிற்சி வகுப்புகளின் நியாயமான பயன் இதுதான்.

மூன்றாவது, அமைப்புகளை உருவாக்குவதே பண்பாடுதானே, இரண்டையும் எப்படிப் பிரிக்க முடியும் என்பது. இதுவே ஆழமான மறுப்பு. சாம்சங்கின் சங்கமில்லாக் கொள்கையில் நிறுவனரின் குடும்பத் தலைமை பற்றிய எண்ணமும் கலந்திருக்கலாம். ஆயினும் விளைவைக் கொண்டு ஓரளவு பிரிக்க முடியும். விதியும் பயிற்சியும் சட்டப் பாதுகாப்பும் மாறிய சில ஆண்டுகளுக்குள் பேச்சு மாறியது என்றால், தலைமுறை கடந்து மெல்ல நகரும் பண்பாட்டைவிட அந்த ஏற்பாடுகளே அருகிலிருக்கும் காரணம் என்று கொள்வது நியாயம். விமானி அறையும் சாம்சங்கும் அத்தகைய மாற்றங்களே.

முடிவாகச் சொல்லக்கூடியவையும் எஞ்சியவையும்

கொரியருக்கும் அமெரிக்கருக்கும் பேச்சுப் பாணியில் வித்தியாசம் உண்டு என்பதற்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. அந்த வித்தியாசத்தைத் தேசிய மதிப்பெண்களாகச் சுருக்கி, அதிலிருந்து ஒரு தனி மனிதரின் நடத்தையையோ ஓர் ஆலையின் தொழில் உறவையோ ஊகிக்கலாம் என்பதற்குச் சான்று பலவீனமானது. ஆபத்தான நேரத்தில் யார் குரல் எழுப்புகிறார், யார் எழுப்புவதில்லை என்பதில், இதுவரை பார்த்த வழக்குகள் பெரும்பாலும் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் பேசியவருக்குப் பின்னால் என்ன நேர்ந்தது என்ற அனுபவத்தையுமே காரணமாகக் காட்டுகின்றன. பண்பாட்டு விளக்கத்துக்கு ஒரு வசதியும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. சங்கத்தை ஏற்காததும், முடிவை முன்கூட்டிச் சொல்லாததும் பண்பாட்டு வேறுபாடு என்று பெயர் பெற்றால், அவற்றுக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

திறந்த கேள்விகள் சிலவும் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் தெரியும் நுட்பமான வித்தியாசங்கள் வேலையிடத்தின் அழுத்தத்தில் எவ்வளவு தாக்குப்பிடிக்கின்றன? நெருக்கடிகளுக்கும் போராட்டங்களுக்கும் பின் வளர்ந்த கொரியத் தலைமுறைக்குப் பழைய அட்டவணைகள் பொருந்துமா? கிழக்கு, மேற்கு என்ற இருமுனைச் சட்டத்தில் தெற்காசியர் எங்கே நிற்கிறார்கள்? கொரிய மேலாளர், அமெரிக்க மேலாளர், தமிழ் மேற்பார்வையாளர் மூவரின் கீழும் ஒரே வட்டாரத் தொழிலாளர்கள் வேலை செய்யும் தமிழ்நாடு இக்கேள்விகளுக்கு அரிதான களம். அங்கே செய்யப்படும் ஆய்வு சாதியையும் பாலினத்தையும் ஒப்பந்த வேலையின் நிச்சயமின்மையையும் நாட்டுப் பெயருக்குள் கரைத்துவிடாமல் தனித்தனியே எடுத்து ஆராய்ந்தால், பண்பாட்டுக்கு எஞ்சும் பங்கு எவ்வளவு என்பது இப்போது சொல்வதைவிடத் துல்லியமாகத் தெரியவரும். அந்தப் பங்கு பூஜ்யமாக இராது. இன்றைய பாடநூல்கள் தரும் அளவுக்கு அது பெரியதாக இருக்கும் என்று நம்பவும் போதிய காரணமில்லை.